ஏழு நிமிடப் பாட்டு

அந்தப் பாட்டுப் பெட்டி தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். திரை கிடையாது. முன்பக்கம் நாலு பொத்தான், பின்பக்கம் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். கம்பத்தில் ஒரு செல்போன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், பழைய சார்ஜர்களுக்கு நடுவில் கிடந்தது. "இதெல்லாம் இப்ப யாருப்பா கேக்குறா" என்று கடைக்காரர் தூசியைத் துடைத்துக் கையில் கொடுத்தபோது, போலீஸ் வேலையே கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். நான் அப்படித்தான். எதையும் முதலில் நம்பிவிடுவேன், யோசிப்பதெல்லாம் பிறகுதான்.

காவலர் தேர்வில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஏழு நிமிடம் முடிந்ததும் விசில் அடிப்பார்கள். இரண்டு பேர் முடிவுக் கோட்டின் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அடுத்த சுற்று. இந்தப் பக்கம் இருப்பவன் பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம்.

முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே போய்விட்டது. இரண்டாம் தடவை கயிறு குறுக்கே எழுந்தபோது நான் கோட்டுக்கு நூறு மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இடுப்பு உயரத்துக்குத்தான் கயிறு இருந்தது. குனிந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருந்த காவலர் என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். "விடுப்பா தம்பி, பின்னாடி ஆள் வருது" என்றார்.

இது மூன்றாவது தடவை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அதனால் இதுதான் கடைசி.

எங்களுக்கு ஓடைப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அப்பா ஒருமுறைகூட என்னைத் தோட்டத்துக்கு வந்துவிடு என்று சொன்னதில்லை. மருந்தடித்துவிட்டு வந்து இருமிக்கொண்டே கை கழுவும்போது, "இந்த நெடி என்னோட போகட்டும்டா" என்பார். அவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு ஓடுவதைவிட ஒரு மூட்டைத் திராட்சையைச் சுமந்துகொண்டு ஓடிவிடலாம்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினால் களைப்புத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால் அது தொடையில் அடிக்கும். கையில் பட்டை வைத்துக் கட்டினேன். வியர்வையில் முழங்கைக்கு இறங்கிவிட்டது. அதற்குத்தான் இந்தக் குட்டிப் பெட்டி. காலரில் மாட்டினால் மாட்டியிருப்பதே தெரியாது.

வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டுகளை வெட்டினேன், தாளத்தைக் கூட்டிக் குறைத்தேன், ஒட்டினேன். நிமிடத்துக்கு நூற்று எழுபத்தைந்து தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு எட்டு. முதல் நிமிடம் கொஞ்சம் அடக்கி, ஏனென்றால் நான் எப்போதும் தொடக்கத்தில் பாய்ந்து நடுவில் செத்துவிடுவேன். கடைசி நிமிடத்துக்கு எங்கள் கோயில் திருவிழாவில் நானே பதிந்து வைத்திருந்த கொட்டு. எல்லாம் சேர்த்து மிகச் சரியாக ஏழு நிமிடம். ஒரு நொடி கூடாது, குறையாது. வீட்டில், டீக்கடையில், எதிரில் வந்தவனிடத்தில் எல்லாம் இதை விளக்கிச் சொன்னேன். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

ஏழாவது நிமிடம் முடிந்தது தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு குரல் வேண்டும் என்று தோன்றியது. என் மாமா மகனைப் பேச வைத்தேன். அவனும் என் வயதுதான். நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். காலையில் பைக்கின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் எடுப்பது அவன் வேலை.

"என்னடா பேசணும்?"

"நில்லுன்னு சொல்லு, போதும்."

அவன் மைக்கை வாய்க்குள் விழுங்குவதுபோல் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நில்லுடா மாப்ள. செத்துக்கித்துப் போயிராத."

சிரித்துச் சிரித்து அதை அப்படியே வைத்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு அவன் பைக்கில் காலிக் கேன்களுக்கு நடுவே ஏறிக்கொள்வேன். ஊருக்கு மேற்கே ஒரு மோட்டார் ரூம் முன்னால் இறக்கிவிட்டு அவன் மேலே தோட்டங்களுக்குப் போவான். நான் அங்கிருந்து கிழக்கே ஊரைப் பார்த்து ஓடி வருவேன். ஊர் முகப்பில் லாரிகளை எடை போடும் எடை மேடை வரைக்கும் சரியாக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். பந்தல் அளக்கும் நூறடி டேப்பை வைத்து நானும் மாப்ளையும் சாலையோரம் குனிந்து குனிந்து அளந்தது. நாற்பத்தொன்பது டேப்பும் கொஞ்சமும். வழியில் ஒரு தோட்டத்து அக்கா நாலு நாள் பார்த்துவிட்டு மாப்ளையிடம் கேட்டாராம், "அந்தத் தம்பி உன் வண்டியிலதான வருது, போகும்போது மட்டும் ஏன் ஓடிப் போகுது? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

எனக்கு ஒரு முறை இருந்தது. காதில் மாப்ளை 'நில்லு' என்றதும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். ஒரு எட்டு அதிகம் வைக்கமாட்டேன். நின்ற இடத்தில் சாலையோரம் ஒரு கல்லை வைப்பேன். மறுநாள் அந்தக் கல்லைத் தாண்டி நிற்க வேண்டும். முதல் நாள் கல் எடை மேடைக்கு நூறு மீட்டர் முன்னால் இருந்தது. இரண்டு வாரத்தில் முப்பது மீட்டர். பிறகு எடை மேடையின் சுவர். பிறகு அதையும் தாண்டி, பக்கத்து டயர் கடை வாசல். அதாவது எடை மேடைக்கு ஆறு நிமிடம் நாற்பது நொடி. நான் அந்தக் கல்லைப் படம் பிடித்து வைத்திருந்தேன்.

வீட்டிலும் காதிலிருந்து அதைக் கழற்றுவதில்லை. "உங்க அப்பா மூணு தடவை கூப்புட்டாக, நீ திரும்பவே இல்ல" என்பாள் அம்மா. "போலீஸு வேலைக்குக் காது கேக்கணுமா வேணாமா?"

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது நடந்தது.

முந்தின இரவு கரண்ட் இல்லை. பெட்டி சார்ஜ் ஏறவில்லை. நான் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போய்விட்டேன். மோட்டார் ரூமிலிருந்து கிளம்பி இரண்டாவது நிமிடத்தில் பாட்டு அறுந்தது. நிற்கலாமா என்று நினைத்தேன், நிற்கவில்லை. இயர்போனை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கையில் கடிகாரம் இருந்தது. எடை மேடையைத் தொட்டபோது ஆறு நிமிடம் நாற்பத்தொரு நொடி.

பாட்டு இல்லாமலே நாற்பத்தொன்று! தேர்வு மைதானத்தில் எப்படியும் பெட்டியை விடமாட்டார்கள், அங்கே என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. அது அந்த நிமிடம் போய்விட்டது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது ஒரு கேரி பேக் என்னைக் கடந்து போனது. வெள்ளைக் கேரி பேக். மோட்டார் ரூம் வாசலில் கிடந்ததைக் கிளம்பும்போதே பார்த்திருந்தேன். வழியெல்லாம் அது என் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது. சில நேரம் எனக்கு முன்னால், சில நேரம் வேலியில் சிக்கி எனக்குப் பின்னால். இப்போது டயர் கடையைத் தாண்டி, சாவகாசமாக உருண்டு ஊருக்குள் போய்விட்டது.

நான் மேற்கே திரும்பினேன்.

காதில் ஒரு இரைச்சல் அடித்தது. லாரி ஏதோ வருகிறது என்று ஒதுங்கினேன். லாரி இல்லை, காற்று. சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் மண். ஆடி மாதத்து மேகாத்து. மேற்கே மலை இடுக்கிலிருந்து கிளம்பிப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிழக்கே ஓடுகிற காற்று. இங்கே பிறந்தவனுக்கு ஆனி ஆடியில் அது அடிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கும் யாரும் சொல்லவில்லை. போகும்போது பைக்; பைக்கில் போனால் எப்படியும் காற்று முகத்தில்தான் அடிக்கும். வரும்போது காதில் பாட்டு, முதுகில் காற்று. ஒரு நாளும் அதன் சத்தத்தை நான் கேட்கவே இல்லை.

அங்கேயே திரும்பி மேற்கே ஓடினேன். எடை மேடையிலிருந்து மோட்டார் ரூம். எட்டு நிமிடம் ஐந்து நொடி.

மோட்டார் ரூம் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது மாப்ளை நிறைந்த கேன்களோடு வந்தான்.

"ஏலே, இன்னும் கெளம்பவே இல்லையா? இங்கனயே உக்காந்துட்ட?"

"போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"எதுக்கு? பாதை மறந்துபோச்சா?"

"காத்துடா மாப்ள. இத்தனை நாளும் காத்துதான் என்னையத் தள்ளிட்டு வந்திருக்கு. நான் ஓடவே இல்ல."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். மேற்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "நீ பிசிக்ஸு தானடா படிச்ச?"

இயற்பியலுக்கு முன்னாலேயே படித்தது ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்பில் அப்பா என் முதுகில் முதன்முதலாக மருந்து டேங்க்கை மாட்டிவிட்டபோது, என் இரண்டு தோளையும் பிடித்துக் கிழக்கே திருப்பி நிறுத்தினார். "காத்துக்கு முதுகைக் காட்டிட்டு அடி. எதுக்க நின்னா மருந்து கண்ணுல விழும்." பந்தலுக்குள் வேலை பார்த்த எல்லோருக்கும் இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். வரப்பில் நின்று பேசும்போதுகூடக் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம். ஊரிலிருந்து மேற்கே ஓடி, திரும்பி மாப்ளை வண்டியில் வந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. என் கால்களே முடிவு செய்துவிட்டன.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் விடியும் முன்பே எழுந்து காற்றைத்தான் முதலில் கேட்டேன். கூரைத் தகரம் தடதடத்தால் வாசலுக்குப் போய் மரங்களைப் பார்ப்பேன். காற்றுக்கு எதிரே ஓடினேன். பாட்டு அதே பாட்டு. குரல் வந்ததும் நின்று கல் வைத்தேன். மிச்சத் தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் எட்டு ஐந்து, ஏழு ஐம்பத்திரண்டு, ஏழு நாற்பத்து நாலு. மைதானம் வட்டமானது, பாதித் தூரம் எதிர்காற்று என்றால் பாதி முதுகுக் காற்று, கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகாது. எதிர்காற்றில் இழப்பது அதிகம், முதுகுக் காற்றில் பெறுவது குறைவு. அது எனக்குத் தெரியும். அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் மறுபடி மறுபடி அந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே கணக்கு.

ஆறாவது நாள் காலை மட்டும் காற்று ஓய்ந்திருந்தது. மரங்கள் அசையவில்லை. அன்று ஓடினேன். குரல் வந்தபோது மோட்டார் ரூமை ஆறு எட்டுத் தாண்டி நின்றேன். அதாவது மிச்சம் இரண்டு நொடி. அந்தக் கல்லை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும். இரண்டு நொடி. அதை இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டதுபோல மிச்ச மூன்று நாளும் இருந்தேன். சத்தமாகப் பேசினால்கூடச் சிந்திவிடும்போல் இருந்தது.

தேர்வு தேனியில். மாப்ளை அன்று பால் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். மைதானத்து வாசலில் போன், கடிகாரம், காதில் மாட்டுவது எதுவும் உள்ளே கூடாது என்றார்கள். எல்லாவற்றையும் கழற்றி அவனிடம் கொடுத்தேன். கடைசியாகப் பெட்டி. காலரிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. அவனே கழற்றித் தன் காலரில் மாட்டிக்கொண்டான்.

"போடா. அங்கன விசில் அடிச்சதும் இங்கன நான் பாட்டைப் போட்டுருவேன். நீ எங்க ஓடிட்டு இருப்பன்னு எனக்குத் தெரியும்."

"நடுவுல நிறுத்திராத."

"நிறுத்த மாட்டேன். போ."

நெஞ்சில் எண் குத்திய இருபது பேர் ஒரே வரிசையில் நின்றோம். காற்று அடித்தது, ஊரில் அடிக்கிற அளவு இல்லை, ஆனால் அடித்தது. மைதானத்து மூலையில் நட்டிருந்த கொடித் துணி படபடத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். விசில்.

பாட்டு என் தலைக்குள் தொடங்கியது. முயற்சியே தேவைப்படவில்லை. நாற்பது நாள் கேட்டது. ஒவ்வொரு தட்டும் இருந்தது. வெட்டி ஒட்டிய இடங்களில் வரும் சின்ன இடறல்கூட வந்தது. முதல் சுற்றில் அடக்கி ஓடினேன். எதிர்காற்று வரும் பக்கத்தில் ஒரு உயரமான ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வளைவு திரும்பியதும் இரைச்சல் அடங்கும். அங்கே வேகத்தைக் கூட்டினேன். மூன்றாவது சுற்றில் தொண்டையில் இரும்பு வாசம். கடைசி அரைச் சுற்றில் தலைக்குள் கோயில் கொட்டு தொடங்கியது. பன்னிரண்டு பேர் எனக்குப் பின்னால் இருந்தார்கள். கோடு தெரிந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள், தரையில் தொய்ந்து கிடந்த கயிறு. இருபது மீட்டர்.

"நில்லுடா மாப்ள. செத்துக்கித்துப் போயிராத."

அவ்வளவு தெளிவாகக் கேட்டது. என் கால் நின்றது.

முழுவதும் நிற்கவில்லை. மூன்று எட்டு, நாலு எட்டு இருக்கும். கால்கள் தளர்ந்து நடையாகிவிட்டன. கண்கள் ஓடுகளத்தின் ஓரத்தில் கல் தேடின. கல் தேடின என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்தில் ஒருவன் என்னை உரசிக்கொண்டு பாய்ந்தான். அவனைப் பார்த்ததும்தான் விசில் இன்னும் அடிக்கவில்லை, கயிறு இன்னும் தரையில்தான் கிடக்கிறது என்பது உறைத்தது. பாய்ந்தேன். பாயும்போது விசில் அடித்தது. கயிறு எழுந்தது. என் கைக்கும் அதற்கும் நடுவே இரண்டு எட்டுத் தூரம்.

என்னை உரசிக்கொண்டு போனவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கினான்.

பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் தலைக்குள் இருந்த பாட்டும் வேகமாக ஓடிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. நாலைந்து நொடி. பெட்டியில் இருந்தால் ஒரு நொடி மாறாது; என் தலையில் அது மாறிவிட்டது.

வெளியே வந்தேன். மாப்ளை சுவரோரம் நின்றிருந்தான். அவனிருந்த இடத்திலிருந்து ஓடுகளம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தான். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். எதையாவது பேச வேண்டுமே என்று பேசினான்.

"பாட்டுல குத்தம் இல்லடா மாப்ள. நான் காதுல வெச்சுக் கேட்டுட்டேதான் நின்னேன். நான் 'நில்லு'ன்னு சொல்றேன், உள்ள விசில் அடிக்கிறாக. அச்சு மாறல."

நான் தலையாட்டினேன்.

"அப்புறம் எதுலடா விட்ட?"

அவன் குரலைக் கேட்டுத்தான் நின்றேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் காலரில் அந்தப் பெட்டி இன்னும் மாட்டியிருந்தது.

"காத்துல" என்றேன்.

சின்னமனூர் தாண்டும் வரை அவன் அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினான். அது எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அப்பா டேங்க்கில் மருந்து கலந்துகொண்டிருந்தபோது நானே போய் முதுகைக் காட்டி நின்றேன். மாட்டிவிட்டார். வாரைச் சரி செய்யும்போது அவர் கை என் தோளில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு என்னைக் கிழக்கே திருப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மாப்ளை கேட்டான், "அந்தப் பெட்டி சும்மாதான கெடக்கு, குடேன். பாலெடுக்கப் போகையில கேட்டுக்கிட்டுப் போவேன்." கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் மாட்டி அந்த ஒரு பாட்டை மட்டும் அழித்தேன். கம்ப்யூட்டரிலிருந்ததையும் அழித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கேன்களோடு வாசலில் வந்து நின்றான். "ஏன்டா, நான் பேசுன அந்தப் பாட்டு இதுல காணோமே?"

"அழிஞ்சிருச்சு போல" என்றேன்.

"சே. நல்லா வந்துச்சுடா அது" என்று சொல்லிவிட்டு, அதைக் காலரில் மாட்டிக்கொண்டு மேற்கே போனான்.